பதினோரு கையெழுத்து

பிப்ரவரி 6

அக்கா,

போனில் பேசினால் இரண்டாவது நிமிடம் நாம் கத்த ஆரம்பிக்கிறோம், மூன்றாவது நிமிடம் நீ வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். தாளில் கத்தினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது.

அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்க்கப் போகிறேன். முதலிலேயே சொல்லிவிட்டேன், இனி திட்டிக்கொண்டே மீதியைப் படி. டிசம்பரிலிருந்து இரண்டு கால்களும் அடியோடு போய்விட்டன. போன மாதம் ஒரு பதினான்கு மாடிக் கட்டடத்தின் உச்சியில் லிஃப்ட் மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி கூப்பிட்டு, அம்மா குளியலறைத் தரையில் கிடக்கிறாள் என்றாள். நான் வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதுவரை அம்மா ஈரத்திலேயே கிடந்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் சாப்பிட்டாயா என்று கேட்டாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

இங்கே எங்கும் இடம் இல்லை. கிடைத்த இல்லம் காரில் இரண்டு நாள் தூரம். அங்கே போகிற நெடுஞ்சாலையில்தான் அப்பா வேலை பார்த்த இடம் இருக்கிறது. இப்போது அதையெல்லாம் சுற்றுலாவாக்கிவிட்டார்கள். விண்வெளி அருங்காட்சியகம், சிக்னல் வாங்கும் பெரிய டிஷ் இருக்கும் நிலையம், பழைய எஞ்சின் சோதனை மேடை, மூன்றுக்கும் ஒரே டிக்கெட். வழியெல்லாம் விளம்பரப் பலகை வைத்திருக்கிறார்களாம். அப்பா கையெழுத்துப் போட்ட அந்தத் தாளை அங்கே கண்ணாடிப் பெட்டியில் வைத்திருப்பதாக அம்மா எங்கோ படித்திருக்கிறாள். போகிற வழியில் ஒரு நாள் அங்கே இறங்கிப் பார்க்க வேண்டும் என்கிறாள். வாழ்நாளில் என்னிடம் அவள் கேட்ட ஒரே விஷயம் இதுதான்.

உன்னை வா என்று கூப்பிடவில்லை. அப்பாவின் அடக்கத்துக்கே வராதவள் இதற்கா வரப் போகிறாய். ஆனால் உனக்குத் தெரியாமல் செய்தேன் என்று பின்னால் சொல்லாதே.

தம்பி


பிப்ரவரி 19

தம்பிக்கு,

அம்மாவை இல்லத்தில் சேர்ப்பதைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. இருபத்தொரு வருடமாக எட்ட நிற்கிறவளுக்கு அதில் பேச உரிமை கிடையாது. அது எனக்குத் தெரியும் என்பது உனக்கும் தெரியட்டும்.

ஆனால் அந்த இடத்துக்கு அவளைக் கூட்டிப் போகாதே.

அது நடந்தபோது உனக்கு நான்கு வயது. உனக்குத் தெரிந்ததெல்லாம் காதில் விழுந்தது. எனக்கு ஒன்பது வயது. அப்பா வால்வு மேஸ்திரி. ராக்கெட் எஞ்சினைக் கட்டி வைத்துப் பற்றவைத்துப் பார்ப்பதற்கு முன், எரிபொருள் குழாயிலுள்ள பதினோரு வால்வுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, ரப்பர் வளையத்தைத் தடவிப் பார்த்து, தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அன்று ஏழு வால்வைத்தான் பார்த்தார். பதினொன்றுக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டு மதியமே வீட்டுக்கு வந்து தூங்கினார். நான்கு மணிக்கு ஒன்பதாவது வால்வு ஒழுகி நான்கு பேர் எரிந்து போனார்கள். என் பெஞ்சில் உட்கார்ந்த, நாங்கள் ரெட்டைச்சடை என்று கூப்பிட்ட பெண்ணின் அப்பா அதில் ஒருவர்.

விசாரணைக்கு இரண்டு அதிகாரிகள் வீட்டுக்கு வந்தார்கள். அப்பா எத்தனை மணி வரை வேலையில் இருந்தார் என்று என்னிடமும் கேட்டார்கள். ஒருவர் பிஸ்கட் கொடுத்தார். "அப்பா என் பக்கத்துல தூங்கிட்டு இருந்தாரு" என்று சொன்னேன். அதுவே மறுநாள் பத்திரிகையில் வந்தது. அதற்குப் பிறகு பள்ளியில் எனக்கு இருந்த பெயர் 'தூங்கினவர் பொண்ணு'. நீ படித்தது வேறு ஊரில், தப்பித்தாய்.

அன்றிலிருந்து நான் வீட்டை விட்டுக் கிளம்பிய நாள் வரை அப்பா என் முகத்தை நேராகப் பார்த்ததில்லை. பத்து வருடம். சாப்பாட்டு மேசையில் என் தோளுக்குப் பின்னால் உள்ள சுவரைப் பார்த்துப் பேசுவார். நான்தான் அவரைக் காட்டிக் கொடுத்தேன் என்ற கோபம். தப்பு செய்தது அவர், தண்டனை எனக்கு. அதனால்தான் போனேன், அதனால்தான் அடக்கத்துக்கும் வரவில்லை. இதை முதல் முறையாக உன்னிடம் சொல்கிறேன்.

அந்தத் தாளைப் பார்த்து அம்மாவுக்கு என்ன ஆகப் போகிறது?

அக்கா


மார்ச் 14

அக்கா,

உன் கடிதம் வருவதற்கு முந்தைய நாள் கிளம்பிவிட்டோம். திரும்பி வந்துதான் படித்தேன். முன்பே வந்திருந்தாலும் போயிருப்போம் என்றுதான் நினைக்கிறேன்.

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். நடுவில் நிறுத்திவிடாதே.

அருங்காட்சியகம் காலை பத்து மணிக்குத் திறந்தது. சக்கர நாற்காலிக்குத் தனி வழி, நல்ல வழவழ தரை. வாசலிலேயே ஒரு ராக்கெட் படுத்துக் கிடக்கிறது, ரயில் பெட்டி நீளத்துக்கு. உள்ளே விண்வெளி வீரர் போட்ட உடை ஒன்று. அம்மா அதன் முட்டியை உற்றுப் பார்த்துவிட்டு, தையல் சுத்தமாக இல்லை என்றாள். நிலாவில் உன் எடை என்ன என்று காட்டும் எடை மேடை ஒன்றும் இருக்கிறது. நாற்காலியோடு சேர்த்து ஏற்றினேன். பத்தரைக் கிலோ காட்டியது. "அங்கயே ஒரு இல்லம் பாத்திருக்கலாம். தூக்கறவங்களுக்கு இடுப்பு வலிக்காது" என்றாள். நானும் சிரித்தேன். வருகிற வழியெல்லாம் வாயைத் திறக்காதவள் அங்கே கொஞ்சம் லேசாக இருப்பதாகத்தான் நினைத்தேன்.

கடைசிக் கூடத்தில்தான் அது இருந்தது. 'கவனக்குறைவின் விலை' என்று பலகை. கண்ணாடிக்குள் கருகிய வால்வு, அதன் பக்கத்தில் அந்தத் தாள். நீல மையில் பதினோரு கையெழுத்து, ஒன்றுக்குக் கீழே ஒன்று. என் மதிப்பெண் அட்டையில் போட்ட அதே கையெழுத்து. முதல் ஏழும் கடைசி நான்கும் ஒரே மாதிரி இருந்தன. நான் ஏனோ கடைசி நான்கு கோணலாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன்.

ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். வழிகாட்டிப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும், சட்டையில் சின்ன மைக். ஏழு வால்வைத்தான் பார்த்தார், பதினொன்றுக்கும் கையெழுத்துப் போட்டார், வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டார் என்று தினமும் சொல்லிப் பழகிய குரலில் சொன்னாள். ஒரு சிறுமி, "நல்லாத் தூங்கினாரா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது.

அம்மா நாற்காலியில் இருந்தபடியே, "தூங்கினாரும்மா. ரொம்ப நல்லாத் தூங்கினாரு" என்றாள். யாரோ கிழவி வேடிக்கை பேசுகிறாள் என்று வழிகாட்டியும் சிரித்துவிட்டுப் பிள்ளைகளை அடுத்த கூடத்துக்கு ஓட்டிக்கொண்டு போனாள்.

அங்கிருந்து நாற்பது நிமிடத்தில் டிஷ் நிலையம். பெரிய டிஷ் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றது, கிட்டப் போக விடவில்லை. வருகிறவர்களுக்காகப் புல்வெளியின் இரண்டு கோடியிலும் ஆள் உயரத்தில் குழிந்த இரண்டு தட்டுகளை எதிரும் புதிருமாக நிறுத்தியிருக்கிறார்கள். ஒன்றின் முன் நின்று மெதுவாகப் பேசினால் எழுபது அடி தள்ளி இருக்கும் மற்றதில் தெளிவாகக் கேட்கும். பிள்ளைகள் அதில்தான் மொய்க்கின்றன. கூட்டம் குறையட்டும் என்று அம்மா காத்திருந்தாள். பிறகு தன்னை ஒரு தட்டின் முன்னால் விடச் சொல்லிவிட்டு, என்னை அந்தக் கோடிக்குப் போகச் சொன்னாள். நான் வேடிக்கைக்கென்று போனேன். ஆளுக்கொரு தட்டைப் பார்த்து இருந்தால் இருவருக்கும் மற்றவர் முகம் தெரியாது.

"கேக்குதாடா?" என்றாள். காதுக்குள்ளேயே உட்கார்ந்து பேசுவது மாதிரி இருந்தது.

"கேக்குதும்மா."

"திரும்பாத. அப்படியே நில்லு. உன் மூஞ்சியப் பாத்தா எனக்கு வராது."

பிறகு சொன்னாள். "அவரு ரெண்டு மணிக்கு எழுப்புன்னு சொல்லிட்டுத்தான் படுத்தாரு. மிச்சம் நாலு வால்வு இருக்கு, நாலு மணிக்குப் பத்த வைப்பாங்க, அதுக்குள்ள போய்ப் பாத்துடணும்னாரு. நான் எழுப்பல."

மீதியை என் வார்த்தையில் எழுதுகிறேன், அவள் சொன்னது முன்னும் பின்னுமாக இருந்தது. உனக்கு அன்று நல்ல காய்ச்சல். பயந்துபோய் அவள்தான் வேலை இடத்துக்குப் போன் செய்து அப்பாவை வரவழைத்திருக்கிறாள். அவர் ஒன்பது நாளாக இரண்டு ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்தார். அவசரத்தில் தாளை முடித்து வைத்துவிட்டு வந்திருக்கிறார், திரும்பிப் போய் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று. உனக்கு மருந்து கொடுத்துவிட்டு, ஒரு காலில் ஷூவோடு அப்படியே உன் பக்கத்தில் சாய்ந்துவிட்டார். உன் கை அவர் சட்டையைப் பிடித்திருந்ததாம். இரண்டு மணிக்கு அம்மா கட்டில் பக்கத்தில் வந்து நின்றாள். இன்னும் கால் மணி தூங்கட்டும் என்று போய்விட்டாள். மறுபடி வந்தாள், மறுபடி கால் மணி. "அப்படி அவரு மூஞ்சி தெளிஞ்சு நான் பாத்ததே இல்லடா" என்றாள். நாலு மணிக்கு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அப்பா எழுந்து கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார்.

விசாரணைக்கு வந்தவர்களிடம், அம்மா வாயைத் திறப்பதற்கு முன்பே, "நானேதான் தூங்கிட்டேன். யாரையும் எழுப்பச் சொல்லல" என்று சொல்லிவிட்டார். அன்று இரவு அவள் அழுதபோது, "விடு. ஒருத்தர் மாட்டுனா போதும். ரெண்டு பேரும் மாட்டிக்கிட்டா பிள்ளைங்கள யாரு பாக்கறது" என்றாராம். அதற்கப்புறம் சாகிற வரை அவர்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

நான் திரும்பிப் பார்த்தபோது அம்மா தட்டின் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு குடும்பம் அவளுக்குப் பின்னால் தங்கள் முறைக்காகக் காத்துக்கொண்டிருந்தது. நான் போய் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். அவளை நான் எப்படிக் குறை சொல்வது, அக்கா? மழை நாளில் மேலே ஏறிப் பார்க்காமல் லிஃப்ட் பரிசோதனை அட்டையில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். யாரும் சாகவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது இடம் சோதனை மேடை. துருப்பிடித்த இரும்புச் சட்டம், உள்ளே புறாக்கள். நான்கு பெயரைப் பொறித்த கல் ஒன்று. எழுத்து மங்கி அம்மாவுக்குத் தெரியவில்லை, வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். ஒவ்வொரு பெயரையும் திருப்பிச் சொன்னாள், போகலாம் என்றாள்.

மறுநாள் மதியம் இல்லத்தில் விட்டேன். ஜன்னலைத் திறந்தால் கார் நிறுத்துமிடம். நான் கிளம்பும்போது அம்மா அங்கிருந்து கையசைக்கவில்லை. நானும்தான்.

தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இது நான்காவது.

காது கேட்கும் கருவி பொருத்துவது என் வேலை. முதல் முறை கருவியைப் போட்டதும் பலர் அழுவார்கள், சிலர் கழற்றி என் மேசை மேல் வைத்துவிட்டு, இவ்வளவு சத்தம் எனக்கு வேண்டாம் என்று போய்விடுவார்கள். உன் கடிதத்தைப் படித்தபோது அந்த இரண்டாவது வகை ஆட்களைப் புரிந்துகொண்டேன்.

எனக்கு ஒன்று ஞாபகம் வருகிறது. ஞாபகமா, உன் கடிதத்துக்குப் பிறகு நானே கட்டிக்கொண்டதா, தெரியவில்லை. நடுவில் ஒருமுறை விழித்தேன். தண்ணீர் கேட்க அப்பாவை உலுக்கப் போனேன். அம்மா வேகமாக வந்து என் வாயைப் பொத்தி, எழுப்பாதே என்று தலையை ஆட்டினாள். தண்ணீர் அவளே கொடுத்தாள். நான் உலுக்கியிருந்தால் அவர் எழுந்திருப்பார்.

முப்பத்தொரு வருடம், தம்பி. நான்தான் அப்பாவைக் காட்டிக் கொடுத்தேன் என்று நினைத்துக்கொண்டே வளர்ந்தேன். அவர் என்னைப் பார்க்காததற்குக் கோபம் காரணமே இல்லை. என்னைப் பார்த்தால் அந்தக் கட்டில் ஞாபகம் வந்திருக்கும், இல்லையென்றால் உண்மை வாயில் வந்துவிடும் என்று பயந்திருப்பார். அம்மாவுக்கு இது தெரியும். அவர் என் தோளுக்குப் பின்னால் பார்த்ததை அவளும் தினமும் அதே மேசையில் உட்கார்ந்து பார்த்தாள். நான் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிய நாளில் வாசல் வரை வந்தாள். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். அப்பா செத்தபோது போனில் வா என்று கெஞ்சினாளே, அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் வந்திருப்பேன். அவர் முகத்தைப் பார்த்திருப்பேன்.

அவளை நான் மன்னிக்கவில்லை என்று சொல். வேண்டாம், சொல்லாதே.

ஒன்று மட்டும் செய். அம்மா சொன்னதை எழுதி வாங்கி, அவள் கையெழுத்தோடு அருங்காட்சியகத்துக்கு அனுப்பு. அந்தப் பலகையில் ஒரு வரி சேர்க்கட்டும், இரண்டு மணிக்கு எழுப்பச் சொன்னார் என்று. அது போதும். அப்புறம் ரெட்டைச்சடையைத் தேடிப் பார். அந்த நால்வர் வீட்டில் எனக்குத் தெரிந்தது அவள் ஒருத்திதான். அவளுக்கும் தெரிய வேண்டும்.

அக்கா


ஜூன் 23

அக்கா,

தாமதத்துக்குக் காரணம் சோம்பல் இல்லை. உனக்கு எழுத ஒரு நல்ல வரியாவது கிடைக்கட்டும் என்று காத்திருந்தேன்.

அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரு பக்கம்கூட வரவில்லை. கையெழுத்துப் போட அவளுக்குக் கால் மணி நேரம் ஆனது. அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டு வாரம் ஒருமுறை போன் செய்தேன். ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது, மரியாதையான கடிதம். அந்தக் கூடத்தை ஏப்ரலிலேயே மூடிவிட்டார்களாம். பார்வையாளர்கள் மனம் சோர்ந்து வெளியே போகிறார்கள் என்று கருத்துக் கேட்பில் தெரிந்ததாம். அங்கே பிள்ளைகள் உட்கார்ந்து ஆடுவதற்கு ராக்கெட் இருக்கை வரப் போகிறது. வால்வும் தாளும் கிடங்குக்குப் போய்விட்டன. விசாரணை முடிந்த கோப்பு என்பதால் அம்மாவின் கடிதத்தைச் சேர்க்க வழியில்லை, அக்கறைக்கு நன்றி என்று முடித்திருந்தார்கள்.

ரெட்டைச்சடையைக் கண்டுபிடித்தேன். இப்போது முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள். நகல் எடுக்கும் கடை வைத்திருக்கிறாள், நீதிமன்றத்துக்கு எதிரே. நல்ல கூட்டம். நான் யார் என்று சொன்னதும் மெஷினை நிறுத்தாமலே கேட்டாள். முழுவதும் கேட்டாள், அதில் குறை சொல்ல முடியாது. நான் முடித்ததும், "இப்ப நான் என்ன பண்ணணும்?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள்.

தாள்களைத் தட்டி அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "எங்க அம்மா உங்க அப்பாவத் திட்டிட்டேதான் செத்தாங்க. அவங்களுக்கு அது ஒரு பிடிப்பா இருந்துச்சு. இப்ப வந்து, அவரு இல்ல, உங்க அம்மான்னு சொல்றீங்க. அவங்களும் பாவம்தான்னு நான் நினைக்கணும். எனக்கு அதுக்கெல்லாம் தெம்பு இல்லைங்க. இனிமே வராதீங்க."

உன்னைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டாள் என்று பொய் எழுதலாமா என்று யோசித்தேன்.

போன ஞாயிறு அம்மாவிடம் இரண்டையும் சொன்னேன். கடையில் பேசியதைக் கொஞ்சம் மென்மையாக்கித்தான் சொன்னேன். ஆனால் அவளுக்கு என் குரலிலேயே தெரிந்துவிடும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு, "அப்ப இத யார்கிட்டதான்டா சொல்றது?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் மாத்திரை கொடுக்கிறவள் வந்துவிட்டாள்.

அவள் உன் பெயரைச் சொல்லவில்லை, அக்கா. ஆனால் எனக்குக் கேட்டது அதுதான். வரக்கூட வேண்டாம், ஒரு போன் செய். இல்லத்து எண் கீழே இருக்கிறது. மாலை நான்கிலிருந்து ஆறு வரை கொடுப்பார்கள்.

தம்பி


ஜூலை 9

தம்பிக்கு,

போன் செய்தேன்.

வரவேற்பில் இருந்த பெண் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வரும் சத்தம் எனக்குக் கேட்டது. அம்மா "யாரு?" என்றாள். சொன்னேன். மூன்று முறை சொன்ன பிறகுதான் அவளுக்குக் கேட்டது. எந்தக் காதில் வைத்திருக்கிறாய் என்றேன், வலது என்றாள்; அது முக்கால்வாசி போய்விட்டது என்று தெரிந்துகொண்டேன். காதை மாற்றச் சொன்னேன். மாற்றினாள். சாப்பாடு எப்படி, தூக்கம் வருகிறதா என்று கேட்டேன். வேலையில் எல்லோரிடமும் கேட்பதைத்தான் கேட்டேன். பதில் சொன்னாள்.

பிறகு எனக்குத் தெரிய வேண்டிய ஒன்றைக் கேட்டேன். "எங்கிட்ட மட்டுமாவது ஏன் சொல்லல?"

யோசிக்கக்கூட இல்லை, உடனே சொன்னாள். "சொல்லியிருந்தா நீ என்னையும் விட்டுட்டுப் போயிருப்ப."

"விட்டுட்டுத்தான போனேன்" என்றேன்.

நான் வைக்கவில்லை, அவளும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் யாரோ நடந்து போனார்கள், எங்கோ தட்டு விழுந்தது, தொலைக்காட்சியில் செய்தி ஓடியது. ஆறு மணிக்கு அந்தப் பெண் வந்து, நேரம் முடிந்தது என்று அவள் கையிலிருந்து போனை வாங்கி வைத்துவிட்டாள்.

இனி கூப்பிடமாட்டேன். நான் பிடிவாதமாக இருக்கிறேன் என்று நினைக்காதே. கேட்க எனக்கு வேறு எதுவும் இல்லை, சொல்ல அவளிடமும் இல்லை. வலது காதுக்கு ஒரு கருவி அனுப்பியிருக்கிறேன், அளவு உத்தேசம்தான். போட்டுவிடச் சொல். யார் அனுப்பியது என்று கேட்டால் இல்லத்தில் கொடுத்தார்கள் என்று சொல்லிவிடு.

அக்கா